சாவடியின் மூச்சு

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் களஞ்சியம் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளுக்கும் மருத்துவமனைச் சீட்டுக்கும் மட்டுமே பயன்பட்டது. வீட்டிலும் அந்தப் பட்டப்பெயர் தொற்றிக்கொண்டது. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர், சமையலறையில் எதையாவது தேடிக் கிடைக்காவிட்டால், "களஞ்சியத்துல உப்புக்கு எந்தப் பக்கம்?" என்று குரல் கொடுப்பார். அவளும் சளைக்காமல், "ரெண்டாவது தட்டு, இடது ஓரம், திருத்தப்பட்ட பதிப்பு" என்பாள்.

ஐம்பதைத் தாண்டிய பெண். பூதக்கண்ணாடி ஒன்று கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும். ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றித் தகவல் புத்தகங்கள் தொகுப்பது அவள் வேலை. அதற்கெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காத உறவினர் இல்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "அச்சாபீஸ் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வாள்.

தொடரின் பெயர் 'வான்சாவடி'. கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஆரம்பித்து, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. வானத்தின் கடைக்கோடியில் ஒரு சுங்கச்சாவடி. எந்தெந்த உலகத்திலிருந்தோ வருகிற கப்பல்கள் அங்கே நின்று, மூட்டை முடிச்சுகளைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். அதிகாரிகளாக நடித்தவர்கள் கிழவர்களாகி ஓய்வு பெற்றார்கள், சிலர் போயும் சேர்ந்தார்கள். சாவடி மட்டும் அப்படியே இருந்தது. காரணம், அது கட்டடம் அல்ல, தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பிராணி. ஒவ்வொரு வாரமும் தொடர் தொடங்கும்போது திரை இருட்டாக இருக்கும், சாவடி மூச்சு விடுவது மட்டும் கேட்கும். மெல்லிய சீழ்க்கையோடு உள்ளே இழுக்கும். உச்சியில் எதிலோ தடுக்கி ஒரு கணம் நிற்கும். பிறகு இரண்டு தவணையாக வெளியே வரும். அதற்குப் பிறகுதான் விளக்குகள் எரியும். ரசிகர்கள் அந்த மூச்சைக் கைபேசி மணியாக வைத்துக்கொண்டார்கள். அவள் கணவருக்கு அது வேடிக்கை. "இத்தனை வருஷமா இழுத்துக்கிட்டுக் கெடக்கே, இதை ஒரு டாக்டர்கிட்ட காட்ட ஆள் இல்லையா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

களஞ்சியம் பிறவி ரசிகை அல்ல. முதலில் அவள் தொலைபேசி விவரப் புத்தகம் அச்சிடும் இடத்தில் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புத்தகங்களை யாரும் சீண்டாமல் போனபிறகு இந்தப் பதிப்பகத்துக்கு வந்தாள். பழைய இடத்திலிருந்து இரண்டு சரக்குகளைக் கொண்டுவந்தாள். ஒன்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் பழக்கம். இன்னொன்று, கண்ணி வைக்கும் வித்தை.

கண்ணி என்றால் இதுதான். விவரப் புத்தகத்தில், ஊரிலேயே இல்லாத ஒரு வீட்டுக்கு இல்லாத ஒரு எண்ணைப் போட்டு வைப்பார்கள். வேறு எவனாவது அந்தப் புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்தால் அந்த வீடும் கூடவே போய்விடும். நீயே அலைந்து சேகரித்தது என்றால் இல்லாத வீட்டுக்கு எப்படிப் போனாய் என்று நீதிமன்றத்தில் மடக்கலாம். பதிப்பகத்திலும் அதையே செய்தாள். தொகுதிக்கு ஒன்று, சின்னதாக, யாருக்கும் கெடுதல் இல்லாததாக, எவரும் சரிபார்க்க முடியாததாக. எது கண்ணி என்று அவளுக்கும் முதலாளிக்கும் மட்டுமே தெரியும்.

இந்தத் தொகுதிகளை வாங்குகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். ஆளுக்கு இரண்டு வாங்குவார்கள். ஒன்று வாசிக்க, மற்றது பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்துக் கும்பிட. எல்லாத் தொகுதிகளையும் அலமாரியில் வரிசையாக அடுக்கினால் புத்தக முதுகுகள் சேர்ந்து சாவடியின் படமாகும். ஒருமுறை அச்சில் மயிரிழை பிசகி சாவடியின் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. துக்கம் விசாரிக்கிற குரலில் எத்தனை பேர் போன் செய்தார்கள் தெரியுமா? விற்றுத் தீர்ந்த தொகுதி ஒன்றுக்காகச் சொந்த அண்ணன் தம்பிகள் பேச்சு வார்த்தையை நிறுத்தியதும் உண்டு. களஞ்சியம் அவர்களைக் கேலி செய்ததே இல்லை. தான் எழுதுகிற வரியை இவ்வளவு நம்புகிற ஜனங்கள் வேறு எங்கே கிடைப்பார்கள் என்று நினைப்பாள்.

இரண்டாம் தொகுதிக்கு அவள் வைத்த கண்ணிதான் இந்தக் கதை.

தொடரின் ஆரம்ப வருடங்களில் பதிவு நாடா விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன்மேலேயே வேறு எதையாவது பதிவார்கள். அப்படி அழிந்துபோன கதைகளில் ஒன்று 'உப்பு மழை'. பார்த்தவர்களுக்கு ஞாபகம் மங்கிவிட்டது, படமும் இல்லை. கண்ணி வைக்க இதைவிடத் தோதான இடம் ஏது? அவள் இப்படி எழுதினாள்: அன்று சாவடிக் கதவுக்குக் குரல் கொடுக்கவேண்டிய நடிகை வரவில்லை. தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண் ஒருவரை மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். கதவு சொல்லும் 'போகாதே' என்ற ஒரே சொல் அவருடைய குரல். அவர் பெயர் பதிவாகவில்லை.

எழுதி முடித்ததும் அவளுக்கே பிடித்துவிட்டது. வேண்டுமென்றேதான் பெயர் போடவில்லை. பெயர் போட்டால் அந்தப் பெயரில் எவராவது இருந்து தொலைப்பார்கள். பெயர் இல்லாத பெண் என்றால் யாரும் வந்து நிற்கப்போவதில்லை.

வந்து நின்றாள். சேகரிப்பாளர்கள் வருடாவருடம் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். அங்கே மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த களஞ்சியத்தின் முன்னால், தோளில் அளவு நாடா தொங்க, ஒரு பெண் வந்து நின்றாள். தையல் கடை வைத்திருப்பவள். கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள், நாடாவை எடுத்து வைக்கக்கூடத் தோன்றவில்லை. இரண்டாம் தொகுதியைப் பிரிக்காத உறையோடு ஒருவரிடம் வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே பல்லால் உறையைக் கடித்துப் பிரித்தாளாம். விற்றவர் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று பிறகு ஊரெல்லாம் பேச்சு.

தையல்காரி அந்தப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள். இது என் அம்மா என்றாள். அம்மா அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் வருடக்கணக்கில் தரை துடைத்தவள். வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில், வான்சாவடி ஓடும்போதெல்லாம், "அந்தப் பெட்டிக்குள்ள நான் இருக்கேன்" என்பாளாம். "பெட்டியத் தொடைச்சா உள்ள போயிடுவியா?" என்று அப்பா சிரிப்பார். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். அம்மா வாயைத் திறந்து எதைக் கேட்டாலும், 'நட்சத்திரத்துக்கு என்ன வேணுமாம்?' கால் வலிக்கிறது என்றால், 'நட்சத்திரத்துக்குக் கால் வலியாம்.' நாளடைவில் அவள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

"எல்லாரையும் விட ஜாஸ்தி சிரிச்சவ நான்தான் மேடம்," என்றாள் தையல்காரி. "பக்கத்தைப் படிச்சுட்டு அவங்க காலைப் புடிச்சுக்கிட்டு அழுதேன். நீங்க மட்டும் எழுதலைன்னா அவங்களைப் பொய்க்காரின்னே கடைசி வரைக்கும் நெனச்சிருப்பேன்."

அடுத்த தொகுதியில் அம்மாவின் பெயரைப் போடவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. களஞ்சியத்தின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல் நுனிகள். இல்லையம்மா, அது நான் கட்டிவிட்ட கதை என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கவேண்டும். ஆனால் களஞ்சியம், பார்க்கிறேன் என்று மென்று விழுங்கினாள். தையல்காரி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து களஞ்சியத்துக்கு அதே நினைப்பு. தன் தலையிலிருந்து குதித்த ஒருத்தி எப்படி இன்னொருத்தியின் அம்மாவாக முடியும்? எங்கேயாவது கேள்விப்பட்டதைத்தான் மறந்துபோய்க் கற்பனை என்று நினைத்துவிட்டோமா என்று பழைய பேட்டிகளையெல்லாம் மறுபடி கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, வழக்கம்போலக் கிண்டல் செய்யாமல், "போய்ச் சொல்லிடு. நாள் ஆக ஆகத்தான் உனக்குக் கஷ்டம்" என்றார். போகலாம் போகலாம் என்று அவள் நாளைக் கடத்தினாள்.

கடத்த முடியாத நாள் வந்தது. வேறொரு கம்பெனி மலிவு விலையில் வான்சாவடிக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்தது. களஞ்சியம் வருடக்கணக்கில் அலைந்து திரட்டியதெல்லாம் அதில் அப்படியே இருந்தது, துப்புரவுப் பெண் உட்பட. சும்மா அல்ல, 'போகாதே' என்று சொல்லும்போது அவள் கண்கலங்கினாள் என்று சொந்தச் சரக்கு வேறு சேர்த்திருந்தார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். பழைய முதலாளியின் மகன் அவர், வயதில் இவளைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"மாட்டிக்கிட்டான் அக்கா," என்றார். வக்கீல் தயார் செய்த வாக்குமூலத்தை நீட்டினார். வார இறுதிக்குள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். பத்திரிகைகளுக்கும் கொடுக்கப்போகிறார்கள். அந்தச் செய்தி பொய், நானே கற்பனை செய்தது என்று ஆரம்பித்து, 'அப்படி ஒரு பெண் இருந்ததே இல்லை' என்று முடிந்திருந்தது.

அவள் வாசித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள். எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் துருத்தி இருந்தது. சாவடிக்கு மூச்சுக் கொடுத்த தோல் துருத்தி. ஒலிக்காரர் ஒருவர் அதை வைத்து அந்த மூச்சை உண்டாக்கினார் என்பது உலகறிந்த விஷயம். அதற்காக அவர் வாங்காத விருது இல்லை. அவர் இறந்தபிறகு ஏலத்தில் வந்த துருத்தியை முதலாளி வாங்கி வரவேற்பறையில் வைத்திருந்தார். வரப்போகும் சிறப்புப் பதிப்பின் பெட்டிமேல் அதன் படம்தான். முதல் தொகுதியில் ஒலிக்காரருக்கு ஒரு முழுப் பக்கம் எழுதியவளும் இவள்தான். அவரை நேரில் பார்க்கப் போனபோது துருத்தியை அழுத்திக் காட்டினார். அந்தத் தடுக்கல் வரவில்லை. "தோல் பழசாயிடுச்சும்மா" என்று சிரித்தார். அது உண்மையாகவும் இருக்கலாமே என்று அவள் எழுதிவிட்டாள்.

மறுநாள் காலை தையல்காரியின் வீட்டுக்குப் போனாள். முன்னால் கடை, பின்னால் ஒரே அறை. தையல்காரி தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள்; வேலைக்கு இருந்த பெண் உள்ளே கைகாட்டினாள். அறையில் ஒரு கட்டில், ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மூலையில் தொலைக்காட்சி. அதன் மேல் இரண்டாம் தொகுதி, அந்தப் பக்கத்தில் துணித்துண்டு செருகி வைத்திருந்தது. ஆள் இல்லை. பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. களஞ்சியம் நின்றுகொண்டே என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தாள்.

பின்கதவு திறந்தது. கிழவி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். கதவுக்கும் நாற்காலிக்கும் எட்டிப் பிடிக்கிற தூரம்தான், அதற்குள் அவளுக்கு இளைத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, தொடைகளில் கையை ஊன்றி, வாய் திறந்து மூச்சை இழுத்தாள். மெல்லிய சீழ்க்கை. உச்சியில் ஒரு தடுக்கல். பிறகு இரண்டு தவணையாக வெளியே.

களஞ்சியத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சத்தத்தை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பாள். தடுக்கலின் நீளம்கூட அவளுக்கு அத்துப்படி. கேட்டதும் விளக்குகள் எரியப்போகின்றன என்று உடம்பு தானாக எதிர்பார்த்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கிழவி மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இன்ஹேலரைத் தேடி எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிட்டது.

"நீங்கதான் எழுதினவங்களா?" என்று கிழவி கேட்டாள். "உக்காருங்க. நீங்க எழுதினது நான் இல்லம்மா."

"தெரியும்மா," என்றாள் களஞ்சியம். "அது நானே கட்டினது."

கிழவி கொஞ்சமும் அதிரவில்லை. அப்படித்தான் நினைத்தேன் என்றாள். கதவுக்குக் குரல் கொடுக்கத் தன்னை யார் கூப்பிடப்போகிறார்கள்? பிறகு நடந்ததைச் சொன்னாள், நடுநடுவே நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு.

ஒலிப்பதிவு அறை மாடியில் இருந்தது. தண்ணீர் வாளியை மேலே தூக்கிக்கொண்டு போவாள். ஒருநாள் படி முடிகிற இடத்தில் உட்கார்ந்து இளைத்துக்கொண்டிருந்தபோது அறைக் கதவு திறந்து ஒலிக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் பயந்து எழுந்தாள். இளைப்பு இருக்கிறது என்று காண்ட்ராக்டருக்குத் தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும். அவர் திட்டவில்லை. உள்ளே போய் மைக்கோடு வந்தார். இன்னொரு தடவை கீழே போய் ஏறி வா என்றார். ஏறினாள். பத்தாது, வாளியோடு ஏறு என்றார். ஏறினாள். மூச்சு அவருக்குப் பிடித்த மாதிரி வருகிறவரை ஏறி இறங்கினாள். அடுத்த நாளும் கூப்பிட்டார், அதற்கடுத்த நாளும். ஒருநாள் கண் இருட்டிக்கொண்டு வந்து படியிலேயே சாய்ந்துவிட்டாள். அவர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, பேசாமல் அப்படியே இரு என்றார். அதுதான் சரியாக வந்ததாம்.

"யார்கிட்டயும் சொல்லாதன்னார். நானும் காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிடாதீங்க ஐயான்னு கையெடுத்துக் கும்பிட்டேன். ரெண்டு பேருக்குமே வெளிய தெரியக்கூடாது. சரியாப் போச்சு."

களஞ்சியம் ஒலிக்காரரின் சிரிப்பை நினைத்தாள். அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அவர்மேலும், அவருக்கு முழுப் பக்கம் எழுதிய தன்மேலும். மகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"எதைன்னு சொல்றது? பேசினேன்னு சொன்னாலே சிரிப்பாங்க, இளைச்சேன்னு சொன்னா? இப்ப இந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு என் காலப் புடிச்சுக்கிட்டு அழறா. அழறவகிட்ட, நீ தப்பான பக்கத்தைப் பாத்து அழறேன்னு எப்படிம்மா சொல்வேன்?"

களஞ்சியம் வாக்குமூலத்தைப் பற்றிச் சொன்னாள். இன்னும் சில நாளில் அந்தப் பக்கம் பொய் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்றாள். கிழவி முகம் வாடிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மறுபடி நட்சத்திரம்தான்" என்று மட்டும் சொன்னாள்.

களஞ்சியம் நேராக அலுவலகத்துக்குப் போனாள். வாக்குமூலத்தில் 'அப்படி ஒரு பெண் இருந்ததே இல்லை' என்ற வரியை அடித்துவிட்டு, மீதிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு முதலாளியின் மேசையில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். முதல் தொகுதியில் துருத்தி என்று எழுதியதைத் திருத்தவேண்டும் என்றாள். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடிப் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார். கெட்டவர் அல்ல. ஆனால் பெட்டிமேல் துருத்திப் படம் அச்சாகிவிட்டது, சேகரிப்பாளர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள்.

"அக்கா, கற்பனைன்னு நீங்களே ஒத்துக்கிட்ட அதே கையால, இது நிஜம்னு எழுதினா எவன் நம்புவான்? காதுல கேட்டேன்னா போதுமா? பதிவு பண்ணிக் கொண்டாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். ஒண்ணா இருந்தா துருத்தியத் தூக்கி ஓரமா வெச்சுடறேன். இல்லாட்டி அந்த வரியை அடிக்காம கையெழுத்துப் போடுங்க. போட மாட்டேன்னா, அப்புறம் இந்த வேலையில நீங்க எப்படி இருப்பீங்க?"

அவர் கேட்டதில் தப்புச் சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் ஒரு வரியும் ஏறாது என்று இத்தனை வருடமாக எல்லோரையும் விரட்டியவள் அவள்தான். பதிவுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டாள், பழைய வான்சாவடிக் கதை பதிந்த வட்டு ஒன்றையும்.

இந்த முறை தையல்காரி இருந்தாள். பெயர் அச்சாகிவிட்டதா என்று முகம் மலர எழுந்து வந்தாள். களஞ்சியம் நின்றபடியே சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் பொய், திருடனைப் பிடிக்க வைத்த கண்ணி, எழுதும்போது யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. தையல்காரியின் முகம் செத்துவிட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா குனிந்த தலை நிமிரவில்லை.

"அப்ப அன்னிக்கு நான் அவ்வளவு அழுதேனே, அப்பகூட இல்லைன்னு சொல்லத் தோணலையாம்மா உனக்கு?" என்றாள். குரல் உடைந்துபோய் இருந்தது. "இவங்க எழுதினது பொய். நீ சொன்னதும் பொய்யா?"

 களஞ்சியத்துக்கு இனிமேல் எதைச் சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்தது. பொய் சொன்ன வாய் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. அவள் தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த பெட்டியில் வட்டைப் போட்டு முடுக்கினாள். திரை இருட்டாக இருந்தது.

மெல்லிய சீழ்க்கை. தடுக்கல். இரண்டு தவணையாக வெளியே.

தையல்காரி நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கியவள், தூக்கியபடியே நின்றாள். களஞ்சியம் மறுபடி ஓடவிட்டாள். தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இது எங்கம்மா," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "பக்கத்துலதானே படுத்திருப்பேன். இந்தச் சத்தம் கேக்கலைன்னா எனக்குத் தூக்கம் வராது. நின்னுடுச்சோன்னு எந்திரிச்சு மூக்குல கை வெச்சுப் பாப்பேன். வாராவாரம் டிவியில இதைக் கேட்டுக்கிட்டே உன்னை நட்சத்திரம்னு சிரிச்சேனாம்மா?"

வேறு ஆதாரம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. களஞ்சியம் படிகளைப் பற்றியும் துருத்தியைப் பற்றியும் சொன்னாள், முதலாளி கேட்பதையும் சொன்னாள். கேட்கக் கேட்கத் தையல்காரிக்கு வேகம் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பதிவு பண்ணுங்கள், இப்பவே பண்ணுங்கள், துருத்தியைத் தூக்கிக் குப்பையில் போடட்டும் என்றாள். அம்மாவுக்கு இப்போது மருந்தால் சத்தம் அடங்கியிருக்கிறது, காலை மருந்தை மட்டும் நிறுத்தினால் அந்த மூச்சு வந்துவிடும், கடைக்கும் தெருவுக்கும் ஒரு தடவை நடக்க வைத்தால் போதும், ஒரே ஒரு தடவை. நாற்காலியின் கையில் இருந்த இன்ஹேலரை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். தான் என்ன செய்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்காகத்தான் செய்கிறாள். இன்னொரு கையால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி மறுபடி ஓடவிட்டாள். அறை முழுக்க அந்த மூச்சு இழுத்தது, தடுக்கியது, விட்டது. மறுபடி ஓடவிட்டாள்.

"அதை நிறுத்தும்மா," என்றாள் கிழவி.

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். கிழவியின் கைகள் தொடைகளில் ஊன்றியிருந்தன. வியர்த்திருந்தது.

"ஒவ்வொரு தடவை அதைப் போடும்போதும் அந்தப் படியில ஏறிக்கிட்டே இருக்கேன். வாராவாரம் நீங்கல்லாம் அதைப் பாக்க உக்காந்தப்பவும் ஏறினேன். போதும். இறங்கிக்கிறேன்."

தையல்காரி தொலைக்காட்சியை அணைத்தாள். கைக்குள் இருப்பது என்ன என்று அப்போதுதான் பார்த்தாள்போல. பதறிப்போய் மண்டியிட்டு இன்ஹேலரை அம்மாவின் வாயில் வைத்து அழுத்தினாள், முதுகைத் தடவிக்கொடுத்தாள், மறுபடி அழுத்தினாள். சீழ்க்கை மெல்ல மெல்லத் தேய்ந்தது. களஞ்சியம் பதிவுக் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அந்த மூச்சு முழுவதும் அடங்கும்வரை இருந்துவிட்டு, மறுநாள் முதலாளியிடம் அலுவலகச் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுந்தாள்.